இரண்டு முறை திருப்பிய டெல்கோ: ஒரு பாயிண்ட் பழுதின் நிகழ்வு ஆய்வு

என் வண்டி ஒரு பழைய கார். நான்கு சிலிண்டர், ஒன்றரை லிட்டர், ஒற்றைக் கார்புரேட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் கருவி) லூக்காஸ் 25டி4 வகை. பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்ச்), கண்டென்சர், காயில் என்று எல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடுதான்; எலெக்ட்ரானிக் எதுவும் கிடையாது. என் கைக்கு வரும் முன் இரண்டு வருடம் ஓடாமல் மூடிக் கிடந்தது. வந்த கையோடு ஆயில், பிளக், பாயிண்ட் மூன்றையும் நானே மாற்றினேன். பாயிண்ட் திறக்கும் இடைவெளியான கேப்பை ஃபீலர் கேஜில் (தடிமன் குறித்த மெல்லிய இதழ்கள்) 0.38 மி.மீ. வைத்தேன். இந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சொல்லியிருப்பது 0.35 முதல் 0.40 வரை, ஆகவே நடுவில் வைத்தோம் என்ற திருப்தி. ஸ்பார்க் வரும் நேரத்தை, அதாவது டைமிங்கை, டைமிங் லைட்டில் பார்த்து, ஐடிலிங்கில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 8 டிகிரி முன்னால் வைத்து மூடினேன். வண்டி நன்றாகவே ஓடியது.

சுமார் 500 கிலோமீட்டர் தாண்டியதும் இழுவை குறைய ஆரம்பித்தது. ஒரே நாளில் நடந்திருந்தால் உடனே புரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஆனதால், வண்டியே இப்படித்தான் போலிருக்கிறது என்று மனம் பழகிவிட்டது. மேட்டில் மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்டது. டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிட ஒரு விரல் அளவு மேலே நின்றது. சூடான இன்ஜினை அணைத்து உடனே ஸ்டார்ட் செய்தால் தயங்கியது. வேகம் கூடினால் லேசாக மிஸ்ஸிங் வேறு.

முதலில் நான் போனது கார்புரேட்டர் பக்கம். இழுவை இல்லை என்றால் எல்லோரும் அங்கேதான் போவார்கள், நானும் போனேன். ஜெட்டைக் கழற்றி ஊதினேன், மிதவையைப் பார்த்தேன், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். ஒரு ஞாயிறு முழுக்கப் போனது, வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து, சூட்டில் தகராறு என்றாலே கண்டென்சர்தான் என்று எங்கோ காதில் விழுந்ததை நம்பி, புதுக் கண்டென்சர் ஒன்றைப் போட்டேன். அதிலும் மாற்றம் இல்லை. (அந்தப் புதுக் கண்டென்சரை அப்புறம் கழற்றிவிட்டுப் பழையதையே திரும்பப் போட்டேன். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்டென்சரைத் தூக்கி எறிவது நல்ல பழக்கம் இல்லை. புதிதாக வாங்குவது அதைவிட நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.)

மூன்றாவதாகத்தான் டைமிங் லைட்டை எடுத்தேன். 8 டிகிரி முன்னால் இருக்க வேண்டிய குறி 2 டிகிரியில் நின்றது. 6 டிகிரி ரிடார்ட், அதாவது ஸ்பார்க் அவ்வளவு தாமதம். சரி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்து அது திரும்பியிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது. அது கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 8க்குக் கொண்டுவந்து இறுக்கினேன். வண்டி பறந்தது. பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன்.

அடுத்த 300 கிலோமீட்டரில் எல்லாம் திரும்பி வந்தது. இம்முறை நேராக டைமிங் லைட்டைப் பிடித்தேன். குறி 3 டிகிரியில். அதாவது மறுபடி 5 டிகிரி பின்தங்கியிருக்கிறது. மறுபடி திருப்பப் போனபோது பக்கத்தில் நின்றிருந்த வயதான மெக்கானிக் ஒருவர் கையைப் பிடித்தார்.

“தம்பி, இதுக்கு முன்னாடி எத்தனை தடவை திருப்பினே?”

“ஒரு தடவைதான்யா.”

“டெல்கோ தானா நகராது. கிளாம்ப் டைட்டா இருக்கில்ல? அப்ப நகர்ந்தது உள்ளே. மூடியைக் கழட்டு.”

டெல்கோ என்று அவர் சொன்னது டிஸ்ட்ரிபியூட்டரை. பழைய ஆட்கள் எந்தக் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டரையும் அப்படித்தான் சொல்வார்கள். பெயர் வந்த வழி பொருத்தமானதுதான். பேட்டரி, காயில், பாயிண்ட் கொண்ட இந்த ஏற்பாட்டைக் கார்களுக்கு ஏற்றபடி ஆக்கிய சார்லஸ் கெட்டரிங் 1909இல் தொடங்கிய நிறுவனத்தின் சுருக்கப் பெயர் அது. 1910 மாடல் காடிலாக் கார்களில் அது வந்தது. 1970களில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பரவும் வரை, அறுபது வருடத்துக்கு மேல் பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் இதே அடிப்படையில்தான் ஓடின.

பாயிண்ட் செய்யும் வேலையை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் காயிலின் முதல் சுற்று வழியாகப் பாயிண்டுக்கு வந்து, அங்கிருந்து எர்த்துக்குப் போகிறது. பாயிண்ட் மூடியிருக்கும் வரை காயிலில் காந்தப்புலம் வளர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டோடு சுற்றும் நான்கு முகக் கேம் வந்து பாயிண்டைத் தள்ளித் திறந்த கணத்தில் அந்த ஓட்டம் அறுபட்டு, காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, ரோட்டர் என்ற சுழலும் கை வழியாக உரிய பிளக்குக்குப் போகிறது. ஸ்பார்க் பிறப்பது பாயிண்ட் திறக்கும்போதுதான், மூடும்போது அல்ல. கண்டென்சர் பாயிண்டுக்குப் பக்கத்தில் இருந்து, திறக்கும் கணத்தில் ஓட்டத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. அது இல்லையென்றால் ஓட்டம் இடைவெளியைத் தாண்டிப் பொறி பறந்துகொண்டே இருக்கும். பாயிண்ட் தீயும், பிளக்குக்கும் ஒன்றும் போகாது.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. முதலாவது, பாயிண்ட் எப்போது திறக்கிறதோ அதுதான் டைமிங். கேப் சிறியதானால் பாயிண்ட் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், டைமிங் பின்வாங்கும். கேப் பெரியதானால் டைமிங் முன்னேறும். இரண்டாவது, பாயிண்ட் மூடியிருக்கும் நேரம்தான் காயில் நிறையும் நேரம். அந்த மூடிய கோணத்தைத்தான் டுவெல் என்கிறோம். நான்கு சிலிண்டருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றில் நான்கு முறை திறந்து மூட வேண்டும், ஆகவே ஒவ்வொரு முறைக்கும் 90 டிகிரி. அதில் 60 டிகிரி மூடியிருக்க வேண்டும் என்பது இந்த வகைக்கான அளவு, மூன்று டிகிரி கூடக் குறைய இருக்கலாம். ஐடிலிங்கில் 800 ஆர்.பி.எம்.மில் இந்த 60 டிகிரி ஓட ஒரு நொடியில் 1000இல் 25 பங்கு ஆகிறது. 5000 ஆர்.பி.எம்.மில் 4 பங்குதான். வேகத்தில் காயிலுக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மூடியைக் கழற்றினேன்.

ரோட்டரை எடுத்துவிட்டு, நான்காவது கியரில் வண்டியை மெல்லத் தள்ளி, பாயிண்டின் காலடிக் கட்டை (கேமில் உரசும் பகுதி) கேமின் உச்சியில் ஏறும்படி நிறுத்தினோம். 0.38 இதழ் உள்ளே போகவில்லை. 0.30 போகவில்லை. 0.20 போகவில்லை. 0.15 லேசான உரசலோடு போனது. 900 கிலோமீட்டரில் கேப் பாதிக்கும் கீழே போய்விட்டது. இன்ஜின் சாதாரண வேகத்தில் ஓடும்போது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5,000 ஸ்பார்க் போகிறது. அப்படியானால் அந்தக் கட்டை 45 லட்சம் முறை கேமில் உரசியிருக்கிறது. நல்லபடியாகப் பராமரித்த கட்டை இதைப் போலப் பத்து மடங்கு தாங்கும்.

கட்டையின் அடி பளபளவென்று தட்டையாகத் தேய்ந்து கிடந்தது. சுற்றிலும், கேமின் பள்ளங்களிலும், பேஸ் பிளேட்டின் மேலும் பழுப்பு நிறத்தில் மாவு போன்ற தூள். விரலால் தொட்டு உரசிப் பார்த்தேன். நறநறவென்று இருந்தது. ஒன்று கட்டையின் துகள், மற்றது துரு. கேமைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நான்கு முகங்களில் ஒன்றில் ஊசி முனை அளவு துருப் புள்ளிகள். இரண்டு வருடம் நின்ற வண்டி. பாயிண்டை மாற்றிய அன்று கேமைப் பார்க்கவே இல்லை. சின்ன இடம், வேலை முடிந்தால் போதும் என்றிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதுப் பாயிண்ட் டப்பாவுக்குள் கேப்ஸ்யூல் மாதிரி ஒரு சின்னக் குப்பி இருந்தது. உள்ளே கேமில் பூசுவதற்கான கிரீஸ். அது ஈரம் உறிஞ்சப் போடும் பொட்டலம் மாதிரி ஏதோ என்று நினைத்து டப்பாவோடு எறிந்துவிட்டேன்.

டுவெல் மீட்டரை மாட்டிப் பார்த்தோம். ஐடிலிங்கில் 71 காட்டியது. 60 இருக்க வேண்டியது. 11 டிகிரி கூடியிருக்கிறது. அப்போதுதான் கணக்கு உறைத்தது. முதல் முறை டைமிங் 6 டிகிரி பின்தங்கியிருந்தது, இரண்டாம் முறை 5. கூட்டினால் 11.

இது தற்செயல் இல்லை. டுவெல் 11 டிகிரி கூடினால் அதில் பாதி, ஐந்தரை டிகிரி, பாயிண்ட் திறக்கும் பக்கம் தாமதமாகிறது. மறு பாதி மூடும் பக்கம் சீக்கிரமாகிறது. திறக்கும் பக்கத்து ஐந்தரைதான் டைமிங்கைத் தொடும். ஆனால் அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் அது இரட்டிப்பாகி 11 ஆகிறது. பாதியாக்கி, பிறகு இரட்டிப்பாக்கினால் அதே எண்தானே. டுவெல் எத்தனை டிகிரி கூடுகிறதோ, கிராங்க் புல்லியில் டைமிங் ஏறக்குறைய அத்தனை டிகிரி பின்வாங்கும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். இரண்டு முறை பார்த்த டைமிங்கும் மீட்டர் முள்ளும் ஒரே எண்ணைச் சொன்ன பிறகுதான் மனதில் நின்றது.

முதல் 6 டிகிரிக்கு 600 கிலோமீட்டர் ஆனது, அடுத்த 5க்கு 300 மட்டும். ஏன் வேகம் கூடியது? கேமின் உச்சி சரிவு குறைந்து தட்டையாக இருக்கும். கேப் சுருங்கச் சுருங்க, பாயிண்ட் அந்தத் தட்டையான பகுதியில்தான் திறக்கிறது. அங்கே கொஞ்சம் தேய்ந்தாலும் திறக்கும் கோணம் நிறைய நகரும். பழுது தானாகவே வேகம் எடுக்கும் ரகம் இது.

ஆக, முதல் முறை நான் செய்தது என்ன? தேய்மானத்தால் தாமதமான ஸ்பார்க்கை, டிஸ்ட்ரிபியூட்டரையே முன்னால் திருப்பி மறைத்தேன். டைமிங் குறி சரியாக வந்தது. கேப் அப்படியே சுருங்கிக் கிடந்தது. டுவெலைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பாயிண்ட் உள்ள இன்ஜினில் டைமிங்கைத் தொடும் முன் கேப்பையோ டுவெலையோ பார்த்தே ஆக வேண்டும். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு.

அந்த வரிசையின் முக்கியத்துவத்தை அடுத்த அரை மணி நேரத்தில் இன்னொரு முறை பார்த்தேன். கேமின் துருவைப் பஞ்சு போன்ற மெல்லிய இரும்பு நாரால் எண்ணெய் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினேன். புதுப் பாயிண்ட் போட்டு 0.38 வைத்தேன். டைமிங் லைட்டில் பார்த்தால் குறி 14இல் நின்றது. பயந்துவிட்டேன். யோசித்தால் சரிதான். கேப் பழைய நிலைக்கு வந்ததும், முன்பு நான் திருப்பிவைத்த 6 டிகிரி அப்படியே மிஞ்சியிருக்கிறது. 8ம் 6ம் 14. அப்படியே ஓட்டியிருந்தால் சுமையில் நாக்கிங் அடித்து பிஸ்டனுக்கு வேலை வைத்திருக்கும். திருப்பி 8க்குக் கொண்டுவந்தேன். கிளாம்ப் இப்போது முதலில் இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. அங்கே எண்ணெய் அழுக்கில் பழைய விளிம்பின் கோடு தெரிந்தது, அதோடு அச்சாகப் பொருந்தியது.

இதற்கு நடுவில் நேர்ந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பாயிண்ட் போட்டதும் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. கிராங்க் மட்டும் சுற்றுகிறது, ஸ்பார்க் இல்லை. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைக் காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் முனையிலும், மறு முனையை எர்த்திலும் வைத்துச் சாவியைப் போட்டேன். பாயிண்ட் மூடியிருந்தால் விளக்கு அணைந்திருக்க வேண்டும், திறந்தால் எரிய வேண்டும். எனக்குத் திறந்தும் எரியவில்லை. அப்படியென்றால் பாயிண்ட் திறந்தாலும் ஓட்டம் வேறு வழியாக எர்த்துக்குப் போகிறது. தேடினால், பாயிண்டின் ஸ்பிரிங் மாட்டும் ஆணியில் இரண்டு ஒயர் முனைகளும் பிளாஸ்டிக் வாஷரும் வரிசை மாறிக் கிடந்தன. காயில் ஒயரும் கண்டென்சர் ஒயரும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், நடுவில் இருக்கும் ஆணியைத் தொடக் கூடாது. அதற்குத்தான் தோள் வைத்த பிளாஸ்டிக் உறை. நான் உறைக்கு வெளியே ஒரு முனையை மாட்டியிருந்தேன். இரண்டு நிமிட வேலை, ஆனால் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதை அன்றிலிருந்து பழக்கமாக்கிக்கொண்டேன்.

வண்டி ஓடியது. இழுவை வந்தது. டெம்பரேச்சர் முள் தன் இடத்துக்குப் போனது. ஆனால் வேகத்தில் அந்த லேசான மிஸ்ஸிங் மட்டும் முழுதாகப் போகவில்லை. முன்பைவிடக் குறைந்திருந்தது, அவ்வளவே. இழுவை வந்துவிட்ட சந்தோஷத்தில் இதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். டுவெல் மீட்டர் விடவில்லை. ஐடிலிங்கில் 60இல் நின்ற முள் வேகத்தை ஏற்றினால் 55க்குச் சரிந்தது. சரிந்ததோடு நில்லாமல் நடுங்கியது. கேப் ஒன்று, கேம் ஒன்று. அப்படியிருக்க டுவெல் வேகத்தோடு மாறக் கூடாது. மூன்று டிகிரிக்கு மேல் மாறினால் உள்ளே ஏதோ ஆடுகிறது என்று அர்த்தம்.

அதை உறுதி செய்ய ஒரு எளிய சோதனை இருக்கிறது, ஏனோ பலரும் செய்வதில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒன்றாம் சிலிண்டரும் நான்காம் சிலிண்டரும் ஒரே நேரத்தில் மேலே வரும். டைமிங் லைட்டின் கிளிப்பை ஒன்றாவது பிளக் ஒயரில் போட்டாலும், நான்காவது ஒயரில் போட்டாலும், புல்லியில் குறி ஒரே இடத்தில் தெரிய வேண்டும். எனக்கு ஒன்றில் 8 காட்டியது. நான்கில் 4. அதிலும் குறி நிலையாக நிற்காமல் இரண்டாகத் தெரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் ஒரு முகத்துக்கும் எதிர் முகத்துக்கும் கிராங்கில் 4 டிகிரி வித்தியாசம். நான் டைமிங் வைத்தது ஒரு சிலிண்டருக்கு மட்டும்தான். மற்றவை அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தன.

மூடியைக் கழற்றி, ஷாஃப்டின் மேல் முனையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன். ஆட்டம் கைக்குத் தெரிந்தது. பாயிண்டிலிருந்து விலக்கித் தள்ளினால் கேப் 0.38இலிருந்து 0.28க்குக் குறைந்தது. கேம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்பக் கேப் மாறுகிறது. ஃபீலர் கேஜை நான்கு உச்சியிலும் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே சந்தேகம் வந்திருக்கும். ஒரே உச்சியில் அளந்து முடித்தது என் அவசரம். ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. வண்டி நின்ற காலத்தில் உலர்ந்து, ஓட ஆரம்பித்த பிறகு காய்ந்த புஷ்ஷில் ஷாஃப்ட் சுற்றியிருக்க வேண்டும். எண்ணெய் விடும் இடங்கள் டிஸ்ட்ரிபியூட்டரில் நாலைந்து உண்டு. நான் ஒன்றிலும் விடவில்லை.

புஷ் மாற்ற டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே வர வேண்டும். வெளியே எடுக்கும் முன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று உடலில் ஒரு கோடு கிழித்தேன். கீழே ஓட்டும் நாக்கு ஷாஃப்டில் ஊசி அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். ஊசியைத் தட்டி எடுக்கும் முன் நாக்குக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து இன்னொரு கோடு. நாக்கு நடுவிலிருந்து கொஞ்சம் விலகி இருக்கும், 180 டிகிரி தவறாகப் பொருத்தினால் எல்லாம் சரியாகத்தான் மாட்டும், ரோட்டர் மட்டும் எதிர்ப் பக்கம் பார்க்கும்.

புது புஷ் சாதாரண வெண்கலம் இல்லை. தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது, உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். எண்ணெயை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். பொருத்தும் முன் குறைந்தது 24 மணி நேரம் இன்ஜின் ஆயிலில் ஊறப் போட வேண்டும். பொருத்திய பிறகு இறுக்கமாக இருக்கிறதே என்று ரீமர் போட்டுக் கடையக் கூடாது. கடைந்தால் துளைகள் மூடிக்கொள்ளும், எண்ணெய் வராது. ஷாஃப்டை மெருகேற்றிப் பொருந்தச் செய்யலாம். ஷாஃப்டே பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றத்தான் வேண்டும். என் ஷாஃப்ட் தப்பித்தது. வெளியே வந்த கையோடு வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்னே தள்ளும் அட்வான்ஸ் எடைகளைக் கழுவி, ஸ்பிரிங்குகளைப் பார்த்து, இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தேன். பிளேட் அசைந்தது, உறிஞ்சலை நாக்கால் அடைத்தால் அப்படியே நின்றது. டயஃப்ரம் கிழியவில்லை. பிளேட்டுக்கும் உடலுக்கும் இடையில் ஓடும் பின்னல் எர்த் ஒயரின் சில இழைகள் அறுந்திருந்தன, அதை மட்டும் மாற்றினேன்.

எல்லாம் மாட்டிய பிறகு கேப் வைத்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு எல்லாம் இங்கேதான் நடக்கிறது. புதுப் பாயிண்டின் முகத்தில் துருப் பிடிக்காமலிருக்க ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள். அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்காமல் மாட்டினால் அந்தப் படலம் எரிந்து கரியாகும். துடைத்தேன். கட்டை கேமின் உச்சியில் ஏறியதும் பூட்டு ஸ்குரூவை அரைகுறையாகத் தளர்த்தி, பள்ளத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பி 0.38 இதழ் லேசாக உரசிப் போகும்படி வைத்தேன். ஸ்குரூவை இறுக்கினேன். இறுக்கும்போது கேப் நகரும், எப்போதும் நகரும். மறுபடி அளந்தால் 0.42. மூன்றாம் முயற்சியில்தான் இறுக்கிய பிறகும் 0.38 நின்றது. பிறகு மற்ற மூன்று உச்சிகளிலும் அளந்தேன். 0.37க்கும் 0.39க்கும் நடுவில் எல்லாம். கடைசியாக ஒரு சுத்தமான அட்டைத் துண்டைப் பாயிண்டுக்கு நடுவில் வைத்து இழுத்தேன். ஃபீலர் இதழிலிருந்து ஒட்டிய எண்ணெய் அட்டையில் கறையாக வந்தது. மீண்டும் ஒரு துண்டு, சுத்தமாக வரும் வரை.

ஓடிய பாயிண்டின் கேப்பை ஃபீலரால் அளப்பது ஏமாற்றும். நாளாக ஆக ஒரு முகத்தில் மேடும் எதிர் முகத்தில் குழியும் விழும். இதழ் மேட்டின் தலையைத் தொட்டு நிற்கும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். பழைய பாயிண்டுக்கு டுவெல் மீட்டர்தான் நம்பகம். மேடு பெரிதாக இருந்தால் மெல்லிய பாயிண்ட் அரத்தால் ஒரு இழுப்பு இழுக்கலாம். உப்புத்தாள் வேண்டாம். அதன் மணல் பாயிண்டின் முகத்தில் பதிந்து நிற்கும். உண்மையில் அவ்வளவு மேடு விழுந்த பாயிண்டை மாற்றிவிடுவதே மேல், கண்டென்சரையும் அப்போது சந்தேகப்படலாம்.

எண்ணெய் விஷயத்தில் இம்முறை எதையும் விடவில்லை. ரோட்டருக்குக் கீழே இருக்கும் ஸ்குரூவின் தலையில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில், அது உள்ளே இறங்கிக் கேமின் புஷ்ஷுக்குப் போகும். பேஸ் பிளேட்டின் துளை வழியாக எடைகளுக்கு இரண்டு சொட்டு. பாயிண்ட் சுழலும் ஆணியில் ஒரே ஒரு சொட்டு, அதுவும் குச்சி முனையால். கேமுக்கு உருகாத கெட்டி கிரீஸ், தீக்குச்சித் தலை அளவு, நான்கு முகத்திலும் ஒரு மினுமினுப்பு தெரியும் அளவு மட்டும். கூடினால் சுழற்சியில் சிதறிப் பாயிண்டில் ஒட்டி நீல நிறமாக எரியும். குறைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டைமிங்கை முதலில் டெஸ்ட் லாம்பில் வைத்தேன், இன்ஜினை ஓட்டாமல். புல்லியைக் குறிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, கிளாம்பைத் தளர்த்தி, சாவியைப் போட்டு, விளக்கு அப்போதுதான் மின்னும் இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை நிறுத்த வேண்டும். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், சுற்றும் திசையிலேயே திருப்பினால் ரிடார்ட். இங்கே ஒரு எச்சரிக்கை: பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டுவிட்டு ஃபோன் பேசப் போகாதீர்கள். 3 ஓம் காயிலில் 12 வோல்ட் என்றால் 4 ஆம்பியர் நிற்காமல் ஓடும். காயில் கொதிக்கும், பாயிண்டும் கருகும். ஓடவிட்ட பிறகு வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட்டில் சரி பார்த்தேன். ஒன்றாவது ஒயரில் 8. நான்காவதில் ஏழரை. குறி ஒன்றாகவே தெரிந்தது. டுவெல் ஐடிலிங்கில் 60, வேகத்தில் 59, முள் நடுங்கவில்லை.

புதுக் கட்டை முதலில் கொஞ்சம் பழகித் தேயும், ஆகவே 500 கிலோமீட்டரில் பார்த்தேன். டுவெல் 61. பழுது இருந்தபோது முதல் 600 கிலோமீட்டரிலேயே டைமிங் 6 டிகிரி நகர்ந்திருந்தது. 1,500இல் 62, அதன் பிறகு 3,000 வரை அங்கேயே நின்றது. டைமிங் 6க்கு வந்திருந்தது. இந்த முறை டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாமல், பாயிண்டை நெம்பி டுவெலை 60க்குக் கொண்டுவந்தேன். டைமிங் தானாகவே 8க்கு வந்து நின்றது.

இனி 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டுவெல், எண்ணெய், மூடியின் உட்புறம். நோட்டுப் புத்தகத்தில் தேதி, கிலோமீட்டர், டுவெல், டைமிங் என்று நான்கு பத்தி போட்டிருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் இன்னும் பாக்கி: 4,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் அட்வான்ஸ் எதிர்பார்த்ததைவிட 2 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. எடை ஸ்பிரிங்குகளில் ஒன்று தளர்ந்திருக்கலாம். அடுத்த முறை மூடி திறக்கும்போது அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.